எம்ஜிபி ரேடியேட்டர் ஒழுகுகிறதா: பாட்டிலா, புதுக் கோரா, அலுமினியமா?

பழைய எம்ஜிபி (MGB) ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி மீட்டெடுக்க இறங்கியவர் யாராக இருந்தாலும், ஒருநாள் காலை காருக்கு அடியில் பச்சைத் தண்ணீரை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட்டை, பார்த்தே தீருவார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார். வார்ப்பிரும்பு எஞ்சின், ஈயம் வைத்துப் பற்றவைத்த செம்பு-பித்தளை ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ்கள். ஒழுகுவதற்கு இடமா பஞ்சம்?

ஒழுகுவது ரேடியேட்டர்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கூலண்ட் மட்டம் குறைகிறதே என்று நான் ரேடியேட்டரைக் கழற்றிக் கீழே வைத்தேன். அப்புறம்தான் எஞ்சின் ஹெட்டின் பக்கவாட்டில் இருக்கும் ஹீட்டர் வால்வுக்குக் கீழே வெளிர்பச்சைப் பொருக்கு கண்ணில் பட்டது. ஒரு கேஸ்கட்டோடு முடிந்த வேலை. ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டுகிற கைப்பம்ப் ஒன்று இருந்தால் இந்த அலைச்சல் இல்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றிவிட்டு டார்ச்சோடு சுற்றிப் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. பம்பை மாற்றுவதுதான் வழி.

சரி, ரேடியேட்டர்தான் என்று தெரிந்துவிட்டது. மூன்று வழி இருக்கிறது.

கூலண்ட்டில் ஊற்றுகிற லீக் சீலர் பாட்டில்தான் மலிவு. ஓட்டைக்குள் புகுந்து இறுகும் சரக்கு அது. ஆனால் ஓட்டை எது, வழி எது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஐம்பது வருட எஞ்சினில் பிளாக்கின் பின்பகுதியில் ஏற்கெனவே துருச்சேறு படிந்திருக்கும்; ஹீட்டரின் மெல்லிய குழாய்கள் பாதி அடைத்திருக்கும். மிச்சத்தை இது அடைத்து வைக்கும். நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர உதவும், அவ்வளவுதான்.

அடுத்தது ரீகோர். மேல் டேங்க், கீழ் டேங்க் இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ள கோரை (கூலண்ட் ஓடும் மெல்லிய குழாய்கள் அடங்கிய பகுதியை) மட்டும் புதிதாகப் போடுவது. டேங்க் விளிம்பில் மயிரிழை விரிசல் மட்டும் என்றால் கோர்கூட வேண்டாம். சுரண்டிச் சுத்தம் செய்து ஈயம் வைத்தாலே போதும். கைத்திறன் உள்ள கடையைத் தேட வேண்டும், பல நாள் காத்திருக்க வேண்டும். செலவும் சில சமயம் அலுமினிய ரேடியேட்டர் விலையைத் தொட்டுவிடும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். பானெட்டைத் திறந்தால் அந்தக் காரின் ரேடியேட்டர்தான் இருக்கும். இருபது வருடம் கழித்து ஒழுகினாலும் மறுபடி பற்றவைக்கலாம்.

அலுமினியம் எடை குறைவு. வெப்பத்தைக் கடத்துவதில் செம்புதான் மேல் என்பது உண்மை. ஆனால் அலுமினியத்தில் குழாய்களை அகலமாகச் செய்யலாம் என்பதால் அந்தக் குறை பெரும்பாலும் ஈடாகிவிடும். எஞ்சினின் சக்தியைக் கூட்டியவர்களுக்கும், டேங்கே அரித்துப்போன காருக்கும் இது சரி. விரிசல் விட்டால் மட்டும் அலுமினியத்தைப் பற்றவைக்கும் டிக் (TIG) வெல்டிங் தெரிந்த ஆளைத் தேடிப் போக வேண்டும். வார்ப்பிரும்பு பிளாக்கோடு ஒரே தண்ணீரைப் பகிர்வதால், கூலண்ட்டைக் காலாகாலத்தில் மாற்றாவிட்டால் அரிப்பு முதலில் அலுமினியத்தைத்தான் தின்னும்.

எதைப் போட்டாலும், பிளாக்கைக் கழுவாமல் புது ரேடியேட்டரை மாட்டாதீர்கள். மூடி விஷயத்திலும் ஒரு தப்பு நடக்கிறது. ஆரம்பகால எம்ஜிபிக்கு 7 பவுண்டு மூடி (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம் என்று கணக்கு). கொதிநிலை கூடட்டுமே என்று 15 பவுண்டு மூடியைப் போடுகிறார்கள். ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் கூடுவது நிஜம்தான். பழைய ஈயப் பற்றுகள் விட்டுக்கொடுப்பதும் அங்கேதான். செம்பு-பித்தளைக்குப் பழைய வகைக் கூலண்ட்டே பாதுகாப்பு. வடித்ததைத் திறந்த வாளியில் விடாதீர்கள்: கூலண்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

அந்தச் சீலர் பாட்டில் என் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இன்னமும் கிடக்கிறது, மூடி திறக்காமலே.