ஹைலைட்ஸும் ஸ்மூத்தனிங்கும் ஒரே நாளில் வேண்டவே வேண்டாம்

முகூர்த்த மாதம் வந்தாலே போதும், பார்லர் வாசலிலெல்லாம் "ஸ்மூத்தனிங் எடுத்தால் ஹைலைட்ஸ் பாதி விலை" என்று பேனர் தொங்க ஆரம்பித்துவிடும். ஸ்மூத்தனிங் என்பது மருந்து போட்டு முடியை நேராக்குவது, ஹைலைட்ஸ் என்பது சில கற்றைகளை மட்டும் ப்ளீச் செய்து நிறம் மாற்றுவது. ஏற்கெனவே கலரோ ஸ்ட்ரெய்ட்டனிங்கோ செய்து முடி வறண்டு, நுனி வெடித்து இருப்பவர்கள் தயவுசெய்து அந்தக் காம்போ பக்கமே போகாதீர்கள். எனக்குக் காதுக்குக் கீழே முடி கொத்துக் கொத்தாக உடைந்து போனது அதில்தான். கோயம்புத்தூரில், கூட்டத்துக்குக் குறைவே இல்லாத பளபளப்பான ஒரு பார்லர்.

உட்கார்ந்ததுமே எல்லாவற்றையும் சொன்னேன். முன்பு ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தது, அதற்கு மேல் கடையில் வாங்கிப் போட்ட டை, இளநரைக்காக அம்மா பூசிவிடும் பாக்கெட் மருதாணி, எல்லாம். அந்தப் பெண் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேம், ஸ்மூத்தனிங் பண்ணாலே டேமேஜ் சரியாயிடும்" என்றார். இந்தப் பேச்சைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்மூத்தனிங் எந்தச் சேதத்தையும் ஆற்றாது. தலைக்கு வெளியே நீண்டிருக்கும் முடி உயிரில்லாதது, அதில் கெட்டது கெட்டதுதான், மாதம் ஒரு சென்டிமீட்டர் போல வளர வளர வெட்டித்தான் தீர வேண்டும். மருதாணி என்று சொன்னதற்காவது நிறுத்தி யோசித்திருக்க வேண்டும், ஏனென்றால் சில பாக்கெட்டுகளில் உலோக உப்பு கலந்திருக்கும், அதன் மேல் ப்ளீச் பட்டால் முடியே சூடேறும்.

முதலில் ப்ளீச் பவுடரில் டெவலப்பர் கலந்து ஃபாயிலில் சுற்றினார்கள். டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, 20 வால்யூம் என்றால் 6 சதவீதம், 40 என்றால் 12 சதவீதம். எனக்கு ஊற்றியது 40, பாட்டிலிலேயே போட்டிருந்தது. ப்ளீச் நிறத்தை மட்டும் எடுத்துவிட்டு நிற்பதில்லை, முடிக்குப் பலம் தரும் கந்தகப் பிணைப்புகளையும் சேர்த்து உடைக்கும். அதை அலசிக் காயவைத்த கையோடு, அதே முடியில் ஸ்மூத்தனிங் க்ரீம். அந்த க்ரீம்களில் பெரும்பாலும் இருப்பது தயோகிளைக்கோலேட், அதன் வேலையே மிச்சமிருக்கும் அந்தப் பிணைப்புகளை அவிழ்ப்பதுதான். அப்புறம் சூடான அயர்ன், அப்புறம் அவிழ்த்த பிணைப்புகளைத் திரும்பச் சேர்க்க நியூட்ரலைசர் என்று மறுபடியும் பெராக்சைடு. தொழில் தெரிந்தவர்கள் நல்ல முடியிலேயே முதலில் ஸ்மூத்தனிங் செய்து, சில வாரம் விட்டுத்தான் கலருக்குப் போவார்கள். இங்கே வரிசையும் தலைகீழ், இடைவெளியும் இல்லை.

க்ரீமை அலசும்போதே ஈர முடி ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால்கூடப் பாதி முடி தப்பியிருக்கும். "கண்டிஷனர் போட்டா செட் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு அயர்னை வைத்தார்கள், உடைந்து விழுந்ததை ஒரு பையன் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டே இருந்தான். அவர்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

எந்தப் பார்லரிலும் ஆரம்பிக்கும் முன் கேட்க வேண்டியது ஸ்ட்ராண்ட் டெஸ்ட். பின்னந்தலையில் ஒரு சின்னக் கற்றையை எடுத்து, போடப்போகும் அதே மருந்தைப் போட்டுப் பார்ப்பது. வீட்டிலேயே ஒரு ஈர முடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள், கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கினால் பரவாயில்லை, நீண்டபடியே நின்றாலோ பட்டென்று அறுந்தாலோ அந்த முடி எந்தக் கெமிக்கலும் தாங்காது.

இவ்வளவு ஆன பிறகு, சரிசெய்கிறோம் என்று கெரட்டின் (முடியை வழவழப்பாக்கி நேராக்கும் இன்னொரு மருந்து) போடச் சொன்னார்கள், அதுவும் தனிக் காசுக்கு! "ஃபார்மலின் கிடையாது மேம், ஆர்கானிக்" என்றார்கள். ஃபார்மலின் என்பது இப்படி முடி நேராக்கும் மருந்துகளில் சேர்க்கும் ஒரு கடுமையான ரசாயனம். அது இல்லை என்று விற்கும் பல மருந்துகளில் அதற்குப் பதிலாக இருப்பது கிளையாக்ஸிலிக் ஆசிட். துனிசியாவில் ஒரு பெண்ணுக்கு, அது கலந்த க்ரீமில் முடியை நேராக்கிய ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2024-இல் வெளியிட்டது. கலர் செய்த முடியில் அது நிறத்தையும் வெளுக்க வைக்கும். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. "உங்க முடி ஏற்கெனவே வீக், நாங்க என்ன பண்ண முடியும்?" அதைத்தானே முதலிலேயே சொன்னேன்! பில்லில் "ஹேர் சர்வீஸ்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள், போட்ட மருந்தின் பெயர் எதுவும் இல்லை. நல்லவேளை, காம்போ பற்றி அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது, அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஆதாரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டெல்லி வழக்கு ஒன்று உண்டு. முடியைத் தப்பாக வெட்டியதற்கு தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் அந்தத் தொகைக்கு ஆதாரம் வேண்டும் என்று அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. அதனால் உட்காரும் முன் முடியைப் படம் எடுங்கள், மருந்து பாட்டிலைப் படம் எடுங்கள், பில்லில் செய்த வேலையையும் மருந்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்காக இப்படி ஒரு காம்போவுக்கு அட்வான்ஸ் கட்டி வைத்திருப்பவர்கள், முடி சேதமாக இருந்தால் இரண்டையுமே ரத்து செய்துவிட்டு, அன்றைக்கு வெறும் ப்ளோ ட்ரை (மருந்தில்லாமல் ட்ரையரில் காயவைத்துச் செட் செய்வது) போதும் என்று சொல்லுங்கள். திருப்பித் தர மாட்டோம் என்றால் அந்த அட்வான்ஸ் போனால் போகட்டும்.