'பிரைமரி ஐடி'யில் கால் விலைக்கு கேம் விற்கிறார்கள், வாங்காதீர்கள்

இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் "பிஎஸ்5 கேம்ஸ், பிரைமரி ஐடி, லைஃப்டைம் வாரன்ட்டி" என்று போட்டு சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோலுக்கு டிஜிட்டல் கேம் விற்கிறார்களே, அவர்களிடம் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். அப்படி ஒருவரிடம்தான் எல்டன் ரிங் என்ற கேமை வாங்கினேன். பாதி ஆட்டத்தில் பூட்டிக்கொண்டது. காசும் போயிற்று, இரவு இரவாக விளையாடிச் சேர்த்ததும் போயிற்று.

அந்தப் பக்கம் ஏன் கால் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக வரும் பெரிய கேம் ஸ்டோரில் ஐயாயிரத்தைத் தொடுகிறது. எங்கள் ஊரில் டிஸ்க் விற்கிற கடை ஒன்றிரண்டுதான், அங்கேயும் நாம் கேட்டது இருக்காது. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஆயிரத்துச் சொச்சத்துக்கு வீட்டிலிருந்தே கிடைக்கிறது என்றால் கை தானாகப் போகத்தான் செய்யும். அந்தப் பக்கத்தில் "கிடைச்சிருச்சு ப்ரோ, தேங்க்ஸ்" என்று ஸ்கிரீன்ஷாட்டுகள் வரிசையாக இருந்தன.

நடைமுறை இதுதான். ஜிபேயில் பணம் அனுப்பியதும் ஒரு மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் வரும். கன்சோலில் புது யூசராக அதைப் போட்டு உள்ளே போக வேண்டும். கேட்கிற ஓடிபியை விற்பவரே வாட்ஸ்அப்பில் அனுப்புவார். செட்டிங்ஸில் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே' என்பதை (இதைத்தான் 'பிரைமரி' என்கிறார்கள்) ஆன் செய்து கேமை டவுன்லோடு செய்தபின், நம் சொந்த ஐடிக்கு வந்து விளையாடலாம். கூடவே நிபந்தனைகள்: பாஸ்வேர்டை மாற்றக்கூடாது, அந்த ஐடிக்குள் மறுபடி போகக்கூடாது, அதில் விளையாடக்கூடாது. "மீறினா வாரன்ட்டி போயிடும் ப்ரோ."

சில வாரங்கள் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒருநாள் கேமின் படத்தின் மேல் சின்னப் பூட்டு. 'ரீஸ்டோர் லைசன்ஸ்' கொடுத்துப் பார்த்தேன், பூட்டு அப்படியே இருந்தது. விற்பவரிடம் கேட்டால், "அப்டேட் இஷ்யூ ப்ரோ, எல்லாருக்கும் வருது, ரெண்டு நாள் வெயிட் பண்ணுங்க." பிறகு ரீஆக்டிவேஷனுக்குத் தனியாகப் பணம் என்றார். தர மறுத்ததும் அடுத்த கேள்வி: "உங்க மெயின் ஐடி, பாஸ்வேர்டு, ஓடிபி அனுப்புங்க, நானே உள்ள போய் சரி பண்றேன்."

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். கேமுக்குக் கொடுத்த ஆயிரத்தைவிட இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. நம் சொந்த ஐடியில் நாம் இதுவரை வாங்கிய எல்லா கேம்களும், வாலட் பணமும், சில பேருக்கு கார்டு விவரமும் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அந்த ஐடியே இன்னொருவருக்கு 'பிரைமரி'யாக விலை போகலாம். நான் கொடுக்கவில்லை. அடுத்த நிமிடம் பிளாக்.

அவருக்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்பது பிறகுதான் முழுதாகப் புரிந்தது. ஓர் அக்கவுன்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிஎஸ்5இல்தான் அந்த ஷேரிங் வசதியை ஆன் செய்ய முடியும். பிஎஸ்4க்குத் தனியாக ஒன்று. எல்டன் ரிங்குக்கு இரண்டு பதிப்பும் உண்டு, ஆகவே முதலிலேயே இரண்டு பேரிடம் விற்கலாம். அதற்கு மேல் 'செகண்டரி' என்று இன்னும் குறைந்த விலைக்கு, எப்போதும் ஆன்லைனில் இருந்து அந்த ஐடியிலேயே விளையாடும்படி மூன்றாவது ஆளிடம் தள்ளுவார்கள். அக்கவுன்டின் உரிமையாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் சாதனங்களையும் இருந்த இடத்திலிருந்தே நீக்கிவிட முடியும். நீக்கினால் நம் கன்சோலில் பூட்டு விழும், அவருக்கு அடுத்த வாடிக்கையாளர் தயார். ஒரே வீட்டை நாலு பேருக்கு ஒத்திக்கு விட்டுப் பணம் வாங்குகிற வேலைதான் இது.

முறையிட இடமும் இல்லை. அக்கவுன்டை விற்பதும் வாங்குவதும் பிளேஸ்டேஷன் விதிகளுக்கே எதிரானது. கஸ்டமர் கேரில் பேசினால் அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவார்கள். அந்தப் பெயர் நம்முடையது இல்லை.

இன்னொரு அடி ரீஜனில், அதாவது ஐடி எந்த நாட்டு ஸ்டோருக்கானது என்பதில் விழுந்தது. அவர் கொடுத்தது அமெரிக்க ஸ்டோர் ஐடி. எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ரீ டிஎல்சியை (தனியாக விற்கும் கூடுதல் பகுதி) என் இந்திய ஐடியில் முழுக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன், அது அந்த கேமோடு ஒட்டவே இல்லை. பிளேஸ்டேஷனில் 14 நாளுக்குள் ரீஃபண்ட் கேட்கலாம், ஆனால் டவுன்லோடு தொடங்கியிருந்தால் கிடையாது. கடைசியில் கடையில் டிஸ்க்கே வாங்கினேன். டிஎல்சி அதில் சேர்ந்தது, ஆனால் பழைய சேவ் (அதுவரை விளையாடிச் சேர்த்தது) சேரவில்லை, ரீஜன் வேறு. ராடான், மோக் என்ற இரண்டு பெரிய எதிரிகளை வீழ்த்தினால்தான் அந்த டிஎல்சிக்குள் நுழையவே முடியும். விளையாடியவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய வேலை என்று. இரண்டையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாகிவிட்டது. பணம் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

சரி, டிஸ்க்கா டிஜிட்டலா என்று கேட்டால், கன்சோலில் டிஸ்க் டிரைவ் இருக்கிறவர்களுக்கு டிஸ்க்தான் என்பேன். முடித்துவிட்டு விற்கலாம், எக்ஸ்சேஞ்ச் போடலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். டிஜிட்டலில் முறையாக வாங்கினாலும் நமக்குக் கிடைப்பது லைசன்ஸ்தான், அதாவது விளையாடும் அனுமதி மட்டும். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீமில் இப்போது பணம் கட்டும் இடத்திலேயே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து இப்படிச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது.

அதற்காக டிஸ்க் என்றாலே பத்திரம் என்றும் இல்லை. ஆன்லைனில் மட்டுமே ஓடும் தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று மூடினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களும் அன்றோடு விளையாட முடியாமல் போனார்கள். சில பெட்டிகளில் டிஸ்க்கே இருக்காது, டவுன்லோடு கோடு (code) அச்சடித்த சீட்டு மட்டும் இருக்கும். யாரோ ஏற்கெனவே போட்டுவிட்ட கோடு என்றால் அது வெறும் காகிதம். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வரும் கேம்-கீ கார்டில் கேமே கிடையாது, செருகிவிட்டு டவுன்லோடு செய்ய வேண்டும். ஆனாலும் அதைக் கைமாற்றி விற்கலாம், அந்த வகையில் கோடு சீட்டைவிடத் தேவலை. பழைய பெட்டி வாங்கும்போது கடையிலேயே திறந்து டிஸ்க் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டிரைவ் இல்லாத பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷன் வைத்திருப்பவர்களுக்கு: ஸ்லிம், ப்ரோ மாடல்களில் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். முதன்முறை மாட்டும்போது இன்டர்நெட் வேண்டும். 2020இல் வந்த முதல் டிஜிட்டல் எடிஷனில் மாட்ட முடியாது. அவர்கள் சொந்த ஐடியில், ஸ்டோரில் சேல் வரும்வரை காத்திருந்து வாங்குவதுதான் வழி. பழைய பெரிய கேம்கள் பாதி விலைக்கும் கீழே வருகின்றன.

ஏற்கெனவே இப்படி ஐடி வாங்கி விளையாடிக்கொண்டிருப்பவர்கள் அந்த ஐடியில் உங்கள் கார்டைச் சேர்க்காதீர்கள். அந்த கேமுக்கு டிஎல்சி வாங்கும் முன் ரீஜனைப் பாருங்கள். உங்கள் சொந்த ஐடியில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இன்றைக்கே ஆன் செய்யுங்கள். வீட்டில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றால், யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக்கூடாது என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். இந்த ஆட்கள் அதிகம் பிடிப்பது பள்ளிப் பிள்ளைகளைத்தான்.

பணம் போனவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், பணம் போன ஐடி, சாட் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் வேண்டும். பிளாக் ஆவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், சில பேர் மெசேஜை அழித்துவிட்டுப் போகிறார்கள். என் புகாருக்கு எண் வந்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் பெயரை மாற்றிக்கொண்டு இப்போதும் விற்றுக்கொண்டிருக்கிறது, அதே விலைப்பட்டியல், அதே ஸ்கிரீன்ஷாட்டுகள். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள். தொகை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.