கடலூரில் டாக்டர் டோக்கன்: எந்த முறை கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது

கடலூரில் தனியார் டாக்டரிடம் காட்ட இன்று ஐந்து வழியில் டோக்கன் வாங்கலாம். நேரில் போய்ப் பெயர் எழுதலாம், காலையில் போன் போடலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், ஆப்பில் பதியலாம், கிளினிக்கை ஒட்டிய மருந்துக்கடையில் சொல்லி வைக்கலாம். எது நல்லது என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும்: எந்த வழியில் வந்த பெயரும் கடைசியில் ஒரே நோட்டில் ஏறுகிறதா? ஏறினால் சாதாரண போன் டோக்கனே போதும். போனுக்கு ஒரு நோட்டு, நேரில் வருபவருக்கு ஒரு நோட்டு, ஆப்புக்கு ஒரு திரை என்று ஓடும் கிளினிக்கில் மூன்று பேர் "எனக்குத்தான் 12" என்று நிற்பார்கள். அங்கே எந்த முறையும் உருப்படாது.

நேரில் எழுதும் முறைதான் பழையது. மாலை கிளினிக்குக்குக் காலையிலேயே நோட்டு வெளியே வந்துவிடும். எழுதிவிட்டு எண் போட்ட அட்டையோ சீட்டோ வாங்கிக்கொள்ளலாம். எண் கண்ணுக்கு முன்னால் இருப்பதால் ஏமாற்று குறைவு. மஞ்சக்குப்பத்திலோ புதுப்பாளையத்திலோ குடியிருப்பவருக்கு இது சௌகரியம். குறிஞ்சிப்பாடியிலிருந்து வருபவர் இதற்காகவே ஒரு நாளில் இரண்டு முறை பஸ் ஏற வேண்டும், அது கொடுமை. ஒருவரே ஐந்தாறு பெயர் எழுதிவிட்டுப் போவதும் இங்கேதான் நடக்கும். ஒரு கைக்கு இரண்டு பெயர்தான் என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் கிளினிக்குகளைப் பாராட்ட வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது போன் டோக்கன். அதன் பலவீனம் எல்லோருக்கும் தெரியும்: ஏழு மணிக்கு லைன் திறந்தால் ஏழு மணிக்கே அத்தனை பேரும் அடிப்பார்கள், கிளினிக்கில் இருப்பதோ ஒரே சிம். "பிஸி" என்று வந்தால் உடனே உடனே அடிப்பதில் பயனில்லை. ஒரு அழைப்பில் பெயர், ஊர் கேட்டு எழுத ஒரு நிமிடமாவது ஆகும், அந்த இடைவெளி விட்டு அடித்தால்தான் நுழைய முடியும். லைன் கிடைத்ததும் சொல்ல வேண்டியதைக் கையில் வைத்திருங்கள்: இனிஷியலோடு பெயர், வயது, ஊர், போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பழைய நோயாளியா புதியவரா என்பது. "செல்வி" என்று மட்டும் சொல்லி வைத்தால் மாலையில் மூன்று செல்விகள் எழுந்து வருவார்கள். "நெல்லிக்குப்பம் க. செல்வி, 52" என்றால் குழப்பமே இல்லை.

வைப்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். டாக்டர் எத்தனை மணிக்கு உட்காருவார் என்பது முதலில். போர்டில் 5.30 என்று இருந்தாலும் அரசு மருத்துவமனையில் வேலை முடித்து வரும் டாக்டர் உட்கார ஆறு தாண்டலாம். அடுத்து, நம்பர் போய்விட்டால் எத்தனை பேருக்குப் பிறகு விடுவார்கள் என்பது. இரண்டு மூன்று பேருக்குப் பிறகு விட்டால் நியாயம். "கடைசியில்தான்" என்றால் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுவது மேல். மூன்றாவது, மாலையில் போன் செய்தால் எந்த எண் ஓடுகிறது என்று சொல்வார்களா. இந்த மூன்றாவதற்கு "சொல்றோம்" என்று பதில் வரும் கிளினிக் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

ஏனென்றால் டோக்கன் எண் நேரம் ஆகாது. அதை நேரமாக மாற்றுவது நம் வேலை. உங்களுடையது 28 என்று வைத்துக்கொள்வோம். 6.45-க்குப் போன் செய்து, "எத்தனாவது நம்பர் போவுது?" என்று கேளுங்கள். எட்டு என்கிறார்கள். 7.15-க்கு மறுபடி கேட்டால் 14. அரை மணியில் ஆறு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். மீதி 14 பேருக்கு 70 நிமிடம், ஆக உங்கள் முறை 8.25 வாக்கில் வரும். எடை, பி.பி. பார்க்கும் நேரத்தையும் சேர்த்து 8.05-க்கு அங்கே இருந்தால் போதும். ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் தப்பும், ஏனென்றால் டாக்டர் எத்தனை மணிக்குத் தொடங்கினார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பது மணி என்றால் 28-ஐ வாங்காமல் மறுநாள் முன் எண்ணைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

கணக்கு போட்டும் வரிசை நழுவுவதற்குக் காரணங்கள் உண்டு. முதல் காரணம் ரிப்போர்ட் காட்ட வருபவர்கள். அவர்களுக்கு டோக்கன் கிடையாது, "ஒரு நிமிஷம்தான்" என்று உள்ளே போவார்கள், மாத்திரை மாற்றி எழுதி வெளியே வரப் பத்து நிமிடம் ஆகும். மூன்று டோக்கனுக்கு ஒரு ரிப்போர்ட் என்று முறை வைத்திருக்கும் இடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அடுத்தது மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள். அவர்களை எல்லோரும் முடிந்தபின் பார்க்கும் டாக்டரும் உண்டு, நடுவில் கூட்டமாக உள்ளே விடுபவரும் உண்டு. இன்னொன்று காலி எண். அவசரத்துக்காக ஐந்துக்கு ஒன்று விட்டுவைப்பது நல்ல பழக்கம்தான். வலிப்பு வந்த குழந்தையையோ மூச்சு வாங்கும் பெரியவரையோ முன்னால் விடுவதில் யாரும் முணுமுணுக்கக் கூடாது. அதே காலி எண் தெரிந்தவருக்குப் போகும்போதுதான் சண்டை வருகிறது. யார், எதற்காக முன்னால் போகிறார்கள் என்று கம்பவுண்டர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே நின்றுவிடும்.

வாட்ஸ்அப் பதிவில் எழுத்து நிற்கிறது, அது பெரிய லாபம். ஆனால் செய்தி அனுப்பியது டோக்கன் ஆகிவிடாது. இரண்டு நீல டிக் வந்தாலும் ஆகாது. எண்ணோடு பதில் வந்தால்தான் கணக்கு. "வணக்கம்" என்று ஒரு செய்தி, பதில் வந்தபின் பெயர், பிறகு வயது என்று துண்டு துண்டாக அனுப்பினால் இடையில் வேறு இருபது பேர் செய்தி புகுந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே செய்தியில், காலையா மாலையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த போனை மேசையில் உட்காருபவர் எல்லோரும் எடுப்பார்கள். டாக்டரே கேட்காமல் ரிப்போர்ட் படங்களை அங்கே அனுப்ப வேண்டாம்.

ஆப்களில் பிராக்டோவைத்தான் பலருக்குத் தெரியும், 2008-இல் பெங்களூரில் தொடங்கியது. கிளினிக் அந்தத் திரையைத் திறந்து வைத்து வேலை செய்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. திரை மூடியிருந்தால், 6.15 என்று உங்கள் போனில் வந்த நேரத்துக்கு நோட்டில் இடமே இருக்காது. ஆப்பில் பதிந்தவர் கிளினிக்குக்கு ஒரு போன் செய்து, "உங்க நோட்டுல என் நம்பர் என்ன?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபீஸை முன்கூட்டிக் கட்டாமல் கிளினிக்கில் கட்டும் வசதி இருந்தால் அதையே எடுங்கள். முகூர்த்த நாளிலும் மருத்துவ மாநாட்டு நாளிலும் டாக்டர் திடீர் லீவு போட்டால் பணத்துக்கு அலைய வேண்டாம்.

கூகுளில் தேடிக் கிடைக்கும் எண்ணை நம்புவது ஆபத்து. டாக்டர் பெயரில் போலி எண் ஏற்றி வைத்து, "பதிவுக்குப் பத்து ரூபாய் கட்டுங்க" என்று லிங்க்கோ ஆப்போ அனுப்பிக் கணக்கைத் துடைக்கும் மோசடி பல ஊர்களில் நடந்திருக்கிறது. பழைய மருந்துச் சீட்டின் தலைப்பில் அச்சான எண்ணுக்கு மட்டும் அடியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

புதுச்சேரியிலிருந்து கிழமை வைத்து வரும் சிறப்பு டாக்டர்களுக்கு மருந்துக்கடை டோக்கன்தான் வழக்கம். காலையில் ஒரு தடவை, டாக்டர் கிளம்பினாரா என்று மாலையில் ஒரு தடவை கேட்டுவிட்டு வீட்டை விட்டுப் புறப்படுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது கட்டாயம். 2011-இல் 'தானே', 2024-இல் 'ஃபெஞ்சல்' என்று புயல் கரையேறும் கடற்கரை இது. டவர் போனால் வாட்ஸ்அப்பும் ஆப்பும் படுத்துவிடும், காகித நோட்டு வைத்திருக்கும் கிளினிக்தான் அன்று நடக்கும்.

சர்க்கரைக்கு ரிவ்யூ போகிறவர் டோக்கனையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும், அடுத்தது சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து. காலை ஏழுக்கு ரத்தம் கொடுத்து 7.30-க்குச் சாப்பிட்டால் இரண்டாவது ரத்தம் 9.30-க்கு. ரிப்போர்ட் மாலைக்குள் கையில் இருக்கும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி-க்கு மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம். ஒரு வாரத்துக்குள் ரிவ்யூ வந்தால் ஃபீஸ் வாங்காத டாக்டர்கள் உண்டு, எத்தனை நாள் கணக்கு என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்குப் போவதென்றால் கதை வேறு. கோரிமேட்டில் புதிய ஓ.பி. பதிவு காலையில்தான், சில சிறப்புப் பிரிவுகளுக்குக் கிழமை உண்டு. கடலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடிப்பதற்கு முன் கிழமையை உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய நோயாளி மருத்துவமனை எண் உள்ள அட்டையை மறந்தால் ஃபைல் தேடுவதிலேயே பொழுது போகும். அட்டையைப் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்திருங்கள். மத்திய அரசின் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபா வைத்திருப்பவர், வசதி உள்ள அரசு மருத்துவமனைகளில் கவுன்ட்டர் அருகே ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பெயர், வயது தானே பதிவாகி டோக்கன் வந்துவிடும். இது 2022-இல் வந்த ஏற்பாடு, பெயரை எழுத்துப் பிழையோடு அடிக்கும் தொல்லை இதில் இல்லை.

சளி, தோல் அரிப்பு போன்றவற்றுக்கு அரசின் ஆன்லைன் மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே இலவசமாக டாக்டரிடம் பேசலாம். தூக்க மாத்திரை, மனநல மாத்திரைகளில் சிலவற்றை அங்கே எழுதித் தர மாட்டார்கள், அதற்கு நேரில்தான் போக வேண்டும். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, பாம்புக்கடி இவற்றுக்கு எந்த டோக்கனும் கேட்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.