நீச்சல் குளத்துக்குப் பாக்கெட் மாஸ்க்: வாங்கும்போது எதைப் பார்ப்பது?

அபார்ட்மென்ட் நீச்சல் குளத்துச் சுவரில் தொங்கும் முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பஞ்சு, டெட்டால், பிளாஸ்திரி, காலாவதியான களிம்பு. வழுக்கி விழுந்தவருக்கு ஆகும். மூழ்கியவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. மூழ்கியவரின் இதயம் நிற்பது பெரும்பாலும் பிராணவாயு தீர்ந்துபோவதால்தான். மாரடைப்பில் நெஞ்சை மட்டும் அழுத்தினாலும் ஓரளவு பயன் உண்டு. மூழ்கியவருக்கு மூச்சு உள்ளே போயாக வேண்டும். ஆனால் நுரையும் வாந்தியுமாக இருக்கும் வாயில் வாய் வைக்க யாருக்கும் தயக்கம் வரும். அதற்குத்தான் பாக்கெட் மாஸ்க்: மூழ்கியவரின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, மேலிருக்கும் குழாய் வழியாக நாம் ஊதும் குமிழ் வடிவ மூடி.

சாவிக்கொத்தில் மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் இதே வேலைக்கு என்று விற்கிறது. ஈர முகத்தில் அது நழுவும், மூக்கை வேறு விரலால் பொத்த வேண்டும். மலிவுதான், குளத்துக்கு வேண்டாம்.

நல்ல மாஸ்க் கெட்டியான டப்பாவில் தட்டையாக மடிந்திருக்கும். உள்பக்கமிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் குமிழ் மேலெழும். ஒருவழி வால்வு (நாம் ஊதுவதை உள்ளே விட்டு, அவர் மூச்சு நம் வாய்க்குத் திரும்பாமல் தடுப்பது) சிலவற்றில் தனி உறையில் இருக்கும்; வாங்கிய அன்றே அதைப் பொருத்திப் பழகிவிடுங்கள். நனைந்த கையோடு உறையைக் கிழிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. லேர்டால் போன்ற பெயர்பெற்ற தயாரிப்பும் உண்டு, பெயரில்லாத மலிவுச் சரக்கும் உண்டு. மலிவானதை எடுத்தால் இரண்டைச் சோதியுங்கள்: காற்றடைத்த விளிம்பு அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும், கல்லாக இருந்தால் கன்னத்தோரம் காற்று கசியும், வால்வு ஆடாமல் இறுக நிற்க வேண்டும். குமிழ் கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதும் முக்கியம், வாந்தி வருவது உடனே தெரியும்.

பயன்படுத்தும் முறை: ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் மண்டியிட்டு, மாஸ்க்கின் குறுகிய முனையை மூக்குத்தண்டில் வையுங்கள். ஒரு கை மேல் விளிம்பை அழுத்த, மறு கை கீழ் விளிம்பைப் பிடித்தபடி தாடையை மேலே தூக்க வேண்டும். மாஸ்க்கை முகத்தில் அமுக்கினால் மட்டும் போதாது, முகம் மாஸ்க்குக்குள் வர வேண்டும். முதல்முறை செய்பவர்கள் தவறுவது இங்கேதான். ஐரோப்பிய வழிகாட்டுதலில் முதலில் 5 மூச்சு, அமெரிக்க வழிகாட்டுதலில் 2. எதுவானாலும் தொடக்கம் மூச்சுதான். பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி. பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். ஒரு மூச்சு ஒரு விநாடி. நெஞ்சு உயர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். பலங்கொண்ட மட்டும் ஊதினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியைக் கிளப்பும்.

வாந்தி வந்தால் உடம்போடு ஒருக்களித்துத் திருப்பி, வாயைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். நுரையைத் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள், அது வந்துகொண்டுதான் இருக்கும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் இன்னும் நம் ஊரில் நடக்கிறது. அப்படி வெளியே வருவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர். அதுவே மூச்சுக்குழாய்க்குள்ளும் இறங்கும்.

கைக்குழந்தைக்குப் பெரிய மாஸ்க்கைத் தலைகீழாக, குறுகிய முனை தாடைப்பக்கம் வருமாறு வைப்பார்கள். அவசரத்துக்கு ஆகும். குழந்தைகள் அதிகம் வரும் குளமென்றால் சின்ன அளவும் ஒன்று வாங்கிவிடலாம்.

டப்பாவோடு வரும் கையுறையும் ஆல்கஹால் துணியும் பெரிய விஷயமில்லை. தலையில் மாட்டும் ரப்பர் பட்டையை நம்பிக் கையை எடுக்கக் கூடாது. வால்வு ஒருவருக்கு ஒருமுறைதான். மாஸ்க்கைக் கழுவி மறுபடி வைக்கலாம், வால்வைத் தூக்கிப்போட வேண்டும். அதனால் உதிரி வால்வு கிடைக்கும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். பம்ப் அறையில் குளோரின் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் விளிம்பு விறைத்துவிடும். நிழலில், பூட்டில்லாத இடத்தில் மாட்டி, மாதமொருமுறை விளிம்பில் காற்று இறங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள்.