பதக்கம் வீட்டில் இருக்கிறது, அதன் கதை எங்கே? பிரிட்டிஷ் வீரப் பதக்கங்களைத் தேட உதவும் இரண்டு சேவைகள்

போரில் வீரப் பதக்கம் வாங்கிய ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் அன்றைக்கு என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? இரண்டு இணையச் சேவைகள் போதும். ஒன்று 'தி கெசட்', அதாவது லண்டன் அரசிதழின் இணையப் பதிப்பு. இன்னொன்று லண்டனின் கியூ (Kew) பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்கைவ்ஸின் ஆவணத் தேடல். ஆனால் எந்தப் பதக்கத்துக்கு எதைத் திறப்பது என்று தெரியாமல் போனால் வெறும் பெயரோடு திரும்பி வருவீர்கள். நான் கென்ட் பகுதியில் ஒரு சிற்றூரின் பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தாத்தாவின் பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வருபவர்கள் இங்கே அதிகம். அவர்களோடு உட்கார்ந்து தேடித் தேடிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கெசட். 1665 நவம்பரில், லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது அரசவை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருந்தது. அங்கே 'ஆக்ஸ்ஃபோர்ட் கெசட்' என்று தொடங்கிய இதழ் இது. இன்றும் வெளிவருகிறது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றவர்களின் முதல் பட்டியல் 1857 பிப்ரவரி 24 இதழில் வந்தது. அதில் 85 பேர். பழைய இதழ்கள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக இலவசமாகப் பார்க்கலாம். பதிவு செய்யவும் வேண்டாம். இவ்வளவு பழைய ஓர் ஆவணத் தொகுப்பை ஒரு காசு வாங்காமல் திறந்து வைத்திருப்பதற்கே நான் நன்றி சொல்வேன்.

விக்டோரியா கிராஸ் என்றால் வேறெங்கும் போக வேண்டாம், கெசட்டே போதும். அந்தப் பதக்கத்தின் பின்புறம் நடுவட்டத்தில் வீரச்செயல் நடந்த தேதியைப் பொறித்திருப்பார்கள். ஒரு மனிதன் ஒரு நாளில் செய்த ஒரு காரியத்துக்கான பதக்கம் அது. கெசட் அறிவிப்பும் அந்தக் காரியத்தைத்தான் சொல்கிறது. உதாரணத்துக்கு லான்ஸ் சார்ஜன்ட் ஜான் பாஸ்கிஃபீல்டைத் தேடிப் பாருங்கள். சவுத் ஸ்டாஃபர்ட்ஷயர் ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாலியன்காரர். ஸ்டோக் பக்கத்துப் பையன், போருக்கு முன் கசாப்புக் கடையில் வேலை. 1944 செப்டம்பர் 20 அன்று நெதர்லாந்தில், ஆர்ன்ஹெம் அருகே ஊஸ்டர்பேக்கில், டாங்கிகளைத் தடுக்க வைத்திருந்த ஒரு பீரங்கியின் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஒவ்வொரு டாங்கியும் 100 கஜத்துக்குள் வரும்வரை சுடாமல் காத்திருந்தார் என்கிறது அறிவிப்பு. இரண்டு ஜெர்மன் டைகர் டாங்கிகளும் குறைந்தது ஒரு தானியங்கிப் பீரங்கி வண்டியும் அழிந்தன. அவருடைய குழுவில் எல்லோரும் இறந்தோ படுகாயப்பட்டோ போனார்கள். அவருக்கும் காலில் பலத்த காயம். மருத்துவ முகாமுக்குப் போக மறுத்து, தனியாளாகக் குண்டை ஏற்றிச் சுட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பீரங்கியும் உடைந்ததும், ஆட்கள் செத்துக் கிடந்த இன்னொரு பீரங்கிக்குத் தவழ்ந்து போனார். அங்கேதான் உயிர் போனது. அவர் உடல் அடையாளம் காணப்படவே இல்லை. இருபத்தொரு வயது. இந்தப் பக்கத்தைத் திரையில் திறக்கும்போதெல்லாம் நான் முழுவதையும் படித்துவிட்டுத்தான் மூடுவேன்.

ஆனால் விக்டோரியா கிராஸிலும் எல்லா அறிவிப்பும் இப்படி விரிவாக இருக்காது. 1915 ஏப்ரல் 25, துருக்கியின் கலிப்பொலி. லங்காஷயர் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் 'டபிள்யூ' கடற்கரையில் இறங்கியது. அந்த ஒரு காலைக்கு ஆறு விக்டோரியா கிராஸ். இங்கிலாந்தின் வடக்கே "காலைச் சாப்பாட்டுக்கு முன் ஆறு" என்று இன்றும் சொல்வார்கள். ஆறு பேரில் வில்லிஸ், ரிச்சர்ட்ஸ், கெனீலி மூவரின் அறிவிப்பு 1915 ஆகஸ்டில் வந்தது; ப்ராம்லி, ஸ்டப்ஸ், க்ரிம்ஷா மூவருடையது 1917 மார்ச்சில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பத்திதான். மறைந்திருந்த இயந்திரத் துப்பாக்கிகள், முள்கம்பி வேலியை வெட்டியது, செங்குத்துக் கரையைப் பிடித்தது, அவ்வளவு. யார் என்ன செய்தார் என்று தனித்தனியாக ஒரு சொல் கிடையாது. ஏன் இந்தப் பெயர்கள் என்பதற்கு ஒரு காரணம் மட்டும் சொல்லப்படுகிறது: கூடப் போரிட்டவர்கள் இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்படித் தேர்ந்தெடுக்க, விக்டோரியா கிராஸை ஏற்படுத்திய 1856-ஆம் ஆண்டு அரச ஆணையிலேயே, பதின்மூன்றாம் விதியாக, இடம் இருந்தது. ஒரு படைப்பிரிவே சமமாக வீரம் காட்டியிருந்தால் அதிகாரிகள் தங்களில் ஒருவரையும் சிப்பாய்கள் தங்களில் சிலரையும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம். பதக்கம் கிடைப்பதற்கு யாராவது பார்த்திருக்க வேண்டும், பார்த்தவர் உயிரோடு திரும்பியிருக்க வேண்டும், திரும்பியவர் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடற்கரையில் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் தண்ணீரிலேயே போய்விட்டார்கள். ஆறு பேரில் ஸ்டப்ஸ் அன்றைக்கே இறந்தார். கெனீலி என்ற சுரங்கத் தொழிலாளி அடுத்த ஒரு சண்டையில் காயம்பட்டு ஜூனில் இறந்தார். கேப்டன் ப்ராம்லி ஆகஸ்டில் கப்பல் மூழ்கி இறந்தார். பதக்கத்தை உயிரோடு பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் மீதி மூவர்தான்.

சரி, இப்போது பெரும்பாலானவர்கள் கொண்டுவரும் பதக்கத்துக்கு வருகிறேன். அது மிலிட்டரி மெடல். வெள்ளி வட்டம். பின்புறத்தில் களத்தில் காட்டிய வீரத்துக்கு என்று ஒரு வாசகம். கருநீல நாடாவின் நடுவே வெள்ளையும் சிவப்புமாகக் கோடுகள். விளிம்பில் படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். 1916 மார்ச்சில் சாதாரணச் சிப்பாய்களுக்காக ஏற்படுத்தியது இது. முதல் உலகப் போரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். 1993-இல் நிறுத்திவிட்டார்கள், இப்போது அதிகாரி, சிப்பாய் எல்லோருக்கும், முன்பு அதிகாரிகளுக்கென்று இருந்த மிலிட்டரி கிராஸ்தான்.

இதற்குக் கெசட்டில் கதை இருக்காது. பெயர் மட்டும்தான் இருக்கும். போன குளிர்காலத்தில் ஓர் அம்மையார் தன் அப்பாவின் மிலிட்டரி மெடலோடு வந்தார். அப்பா இருந்தது ராயல் சிக்னல்ஸ் என்ற தகவல்தொடர்புப் படைப்பிரிவில், இத்தாலியில். அவருடைய மகன் ஏற்கெனவே ஏதோ ஒரு குடும்ப வரலாற்றுத் தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருந்தார். அங்கே கிடைத்ததும் இதே கெசட் வரியின் நகல்தான். "இத்தாலியில் ஆற்றிய வீரமிக்க, சிறப்பான சேவைக்காக" என்று ஒரு தலைப்பு, அதன் கீழே நெருக்கமாக அடுக்கிய பெயர்கள், நடுவில் அப்பா. அந்த அம்மையார் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

அவ்வளவு இல்லை. இரண்டாம் உலகப் போரின் தரைப்படைப் பதக்கங்களுக்கு எழுதப்பட்ட பரிந்துரைப் படிவங்கள் நேஷனல் ஆர்கைவ்ஸில் டபிள்யூ.ஓ. 373 என்ற வரிசையில் இருக்கின்றன. பெயராலும் படை எண்ணாலும் தேடலாம். பட்டியலிலேயே பதவி, ரெஜிமென்ட், போர்முனை, பதக்கம், கெசட்டில் வெளியான தேதி எல்லாம் வந்துவிடும். இதைப் பார்க்கக் காசு இல்லை. படிவத்தின் படத்தைக் கியூவுக்கு நேரில் போனால் அங்கேயே கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டிலிருந்து இறக்கிக்கொள்வதானால் அன்றைய கட்டண விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அப்பாவின் படிவம் கிடைத்தது. தட்டச்சு செய்த ஒரே ஒரு தாள். காரிக்லியானோ ஆற்றைக் கடந்த நாட்கள், 1944 ஜனவரி. முன்னணியில் இருந்த கம்பெனிக்குப் போகும் தொலைபேசிக் கம்பி குண்டுவீச்சில் அறுந்துகொண்டே இருக்க, இருட்டில் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போய் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டிருக்கிறார். மறுபடி அறுந்திருக்கிறது. மறுபடி போயிருக்கிறார். விடியும்வரை இதேதான். தாளின் கீழே அவருடைய மேலதிகாரியில் தொடங்கிப் படிப்படியாக மேலே போய், கடைசியில் தலைமைத் தளபதி அலெக்சாண்டரின் கையெழுத்து. போருக்குப் பிறகும் அவர் தபால் துறையின் தொலைபேசிப் பிரிவில் கம்பிக்காரராகத்தான் இருந்தாராம். மழை நாளில் கம்பத்தில் ஏறுவதைப் பற்றி எப்போதும் புலம்புவார் என்று அந்த அம்மையார் சொன்னார். எனக்கு இந்தப் பதக்கங்கள் மேல் மதிப்பு இருப்பது இதனால்தான். சுட்டு வீழ்த்தியதற்கு மட்டும் கொடுக்கவில்லை. கம்பி கட்டியதற்கும் ஸ்ட்ரெச்சர் தூக்கியதற்கும் கொடுத்திருக்கிறார்கள்.

படிவத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பதக்கத்துக்குப் பரிந்துரை என்ற கட்டத்தில் சில சமயம் ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதியிருப்பார்கள். பட்டாலியன் கேட்டது ஒன்று, மேலே கொடுத்தது ஒன்று. கெசட்டில் இந்த அடித்தல் தெரியாது.

முதல் உலகப் போர் மிலிட்டரி மெடல் என்றால் நிலைமை கஷ்டம்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பரிந்துரைகளில் பெரும்பகுதி இரண்டாம் போரின் குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. டபிள்யூ.ஓ. 95 வரிசையில் இருக்கும் பட்டாலியன் போர் நாட்குறிப்புகளில் தேடலாம். கிடைத்தால் அதிர்ஷ்டம். மிலிட்டரி மெடலுக்கு மேல்நிலையில் இருந்த டிஸ்டிங்விஷ்ட் காண்டக்ட் மெடல் (டி.சி.எம்.) வாங்கியவரின் குடும்பத்துக்கு வாய்ப்பு அதிகம். அந்தப் போரில் கொடுத்த டி.சி.எம். பலவற்றின் விவரம் கெசட்டிலேயே இருக்கிறது.

கெசட்டில் தேடுபவர்களுக்கு ஒரு சின்ன ஆலோசனை. வீரப் பதக்க அறிவிப்புகள் பெரும்பாலும் இணைப்பிதழ்களில் வந்தன. அதில் ஒரு தேதியும், உண்மையில் வெளியான நாளாக இன்னொரு தேதியும் இருக்கும். ஆகவே முன்னும் பின்னும் ஒரு வாரம் சேர்த்துத் தேடுங்கள். நூறாண்டுக்கு முந்தைய பொடி எழுத்தைக் கணினி தவறாகப் படிப்பது சகஜம். பெயரில் கிடைக்காவிட்டால் படை எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1920-க்கு முந்தைய எண்கள் ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் தனி. ஒரே எண் பலருக்கு இருக்கும், ரெஜிமென்ட்டைச் சரிபார்க்காமல் "இவர்தான் தாத்தா" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

நம்மவர்களுக்கு ஒரு பெயரும் சொல்கிறேன். சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இந்தியப் பொறியாளர் படைக்காரர். 1944-இல் இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி மேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தவர். விக்டோரியா கிராஸுக்கு இணையான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அவரையும் கெசட்டில் தேடிப் படியுங்கள்.

இரண்டு சேவைகளுக்கும் என் முழு ஓட்டு உண்டு. கேட்பது ஒன்றே ஒன்று. கெசட் வெளியீட்டின் மேற்பார்வையே நேஷனல் ஆர்கைவ்ஸிடம்தான் இருக்கிறது. கெசட்டின் பெயர்ப் பட்டியல் பக்கத்திலிருந்து நேராக டபிள்யூ.ஓ. 373 படிவத்துக்கு ஓர் இணைப்பு கொடுத்தால், பெயரை மட்டும் பார்த்துவிட்டு "அவ்வளவுதானா" என்று எழுந்து போகிறவர்கள் குறைவார்கள்.