எக்ஸ்புளோரர் 385: உயரம் தெரியும், ஈரம் தெரியாது

ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸில், ரானோக் சதுப்புவெளியின் வட ஓரத்தில் இருக்கிறது கொராவர் ரயில் நிலையம். கடல்மட்டத்திலிருந்து 408 மீட்டர். பொதுச் சாலை கிடையாது, ரயில்தான் ஒரே வழி. அங்கிருந்து 935 மீட்டர் உயரமுள்ள பென் ந லாப் மலைக்கு ஏறி இறங்க பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் 385 வரைபடம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

அளவுகோல் 1:25,000. தாளில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. நிலையத்திலிருந்து உச்சிக்கு நேர்கோட்டில் 15 செ.மீ.கூட வராது. சம உயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்று, 50 மீட்டருக்கு ஒரு தடித்த கோடு. சரிவின் போக்கைப் படிக்க இதைவிடத் தெளிவு தேவையில்லை. ஏரிக்கரைப் பக்கம் நடந்து, வண்டித்தடத்தை விட்டு விலகி, தென்மேற்கு முகட்டைப் பிடித்து வடகிழக்காக ஏறும் வழக்கமான பாதை தாளில் பளிச்சென்று தெரிகிறது.

சிக்கல் தடத்தை விட்டு இறங்கும் இடத்தில் ஆரம்பிக்கிறது. அங்கே தரை முழுக்க பீட், அதாவது நூற்றாண்டுக் கணக்கில் நீரில் ஊறி முழுதாக மட்காமல் கிடக்கும் கறுப்புச் செடிமண். மழைநீர் அதை அரித்து ஓராள் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருக்கும். கோடுகளுக்கு இடையே 10 மீட்டர் இடைவெளி இருக்கும்போது இரண்டு மீட்டர்ப் பள்ளம் எப்படித் தெரியும்? நீல நிறப் புல்கொத்துக் குறி சதுப்பு என்று சொல்லும், அவ்வளவுதான். எந்த இடத்தில் கணுக்கால், எந்த இடத்தில் முழங்கால் என்று சொல்லாது. இதைத் தாளின் குறை என்பதைவிட, அதனிடம் கேட்கக்கூடாத கேள்வி என்பதே சரி. அதைத் தரையின் நிறத்திடம்தான் கேட்க வேண்டும். பழுப்பு ஹெதர் புதர் நிற்கும் இடம் ஓரளவு தாங்கும். பளீர்ப் பச்சைப் பாசி மெத்தைக்கு அடியில் தண்ணீர், அதில் கால் வைக்கவே கூடாது.

கேலிக் மொழி இடப்பெயர்களைத் தாள் அப்படியே விட்டுவைத்திருப்பது பெரிய லாபம். ‘மோன்யா’ என்று தொடங்கினால் பீட் நிலம், ‘ஆல்ட்’ என்றால் ஓடை, ‘பெயலக்’ என்றால் கணவாய். நாலைந்து சொற்களைத் தெரிந்துகொண்டால் குறியீடு சொல்லாததைப் பெயர் சொல்லிவிடும்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் விதி: 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. போய்வர சுமார் 9.5 கி.மீ., ஏற்றம் 527 மீட்டர். ஆக 2 மணி 50 நிமிடம் வருகிறது. நம்பாதீர்கள். ஈரநிலத்தையும் சேர்த்து நாலு மணியாவது வையுங்கள். ரயில் நாளுக்கு ஒரு சில மட்டுமே, கடைசி ரயில் போய்விட்டால் டாக்ஸிகூடக் கூப்பிட முடியாது.

இங்கிலாந்துத் தாள்களைப் பார்த்துப் பழகியவர்கள் பொதுவழியைக் காட்டும் பச்சைக் கோடுகளைத் தேடுவார்கள். ஸ்காட்லாந்துத் தாளில் அவை இல்லை. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் நடக்கலாம். கறுப்புப் புள்ளிக்கோடு ஒரு தடம் இருப்பதாகச் சொல்கிறது. அது காலடியில் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மான் வேட்டை மும்முரமாக நடக்கும், கிளம்புமுன் அந்த நிலத்தை வைத்திருக்கும் எஸ்டேட்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடுபனியில் உச்சியை விட்டு இறங்குவதற்குத்தான் காம்பஸ். முதலில் தென்மேற்கு. பழைய கையேடுகள் காந்த விலகலுக்காக, அதாவது காம்பஸ் முள் காட்டும் வடக்குக்கும் தாளின் வடக்குக்கும் உள்ள வித்தியாசத்துக்காக, சில பாகைகளைக் கூட்டச் சொல்லும். இன்று ஹைலேண்ட்ஸில் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. பழக்கதோஷத்தில் 5 பாகை கூட்டினால், 1 கி.மீ. நடந்ததும் 87 மீட்டர் தள்ளி நிற்பீர்கள்.

சாதாரணக் காகிதப் பதிப்பு மடிப்பில்தான் முதலில் கிழியும், அதுவும் நனைந்தபின் நிச்சயம். மழை தாங்கும் ‘ஆக்டிவ்’ பதிப்பு விலையும் கனமும் கூடுதல், விறைப்பாக இருப்பதால் சட்டைப் பைக்குள் அடங்காது. காகிதப் பதிப்பும் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் உறையும் போதும். ஆனால் வேண்டிய பக்கம் வெளியே தெரியும்படி ரயிலிலேயே மடித்துவிட வேண்டும். மலைக்காற்றில் விரித்தால் அது வரைபடமாக இருக்காது, பாய்மரமாகிவிடும். வாங்கும்போது கிடைக்கும் குறியீட்டைக் கொண்டு போனிலும் இறக்கிக்கொள்ளலாம். குளிரில் பேட்டரி வேகமாக வடியும், நனைந்த திரை விரலுக்குப் பணியாது. அதைத் துணைக்கு மட்டும் வையுங்கள்.

கிளம்புமுன் தாளின் ஓரத்தில் பென்சிலால், வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைச் சொல்லும் இரண்டு எண்கள் எழுதிக்கொள்ளுங்கள். நிலையம் என்என் (NN) 356 664, உச்சி என்என் 376 695. மலைமீட்புக் குழு வேண்டுமென்றால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸைக் கேட்க வேண்டும். அவர்கள் கேட்பது இப்படி ஓர் ஆறிலக்க எண்ணைத்தான்.