ரேட் காண்ட்ராக்டா, ஜெம் போர்ட்டலா?

மத்திய அரசு ஆபீசுக்கு ஒரு ஃபேன், ஒரு பிரிண்டர் வாங்கணும்னா முன்னாடி டிஜிஎஸ்&டி-னு ஒரு துறை ரேட் காண்ட்ராக்ட் போட்டு வெச்சிருக்கும், அந்த லிஸ்ட்ல இருக்குற ரேட்டுக்கு ஆர்டர் போட்டா போதும். கேட்க சுலபமாதான் இருக்கு, ஆனா கம்ப்யூட்டர் மாதிரி மாசாமாசம் விலை இறங்குற சாமானுக்கு ஒருதடவை ரேட் ஃபிக்ஸ் பண்ணிட்டு உக்காந்தா வெளிக்கடை விலைக்கும் அதுக்கும் இடைவெளி விழாம என்ன செய்யும்?

2016 ஆகஸ்ட்ல ஜெம், அதாவது அரசு ஆபீசுங்க ஆன்லைன்ல சாமான் வாங்குற போர்ட்டல், வந்துச்சு, அடுத்த வருஷம் அக்டோபரோட டிஜிஎஸ்&டி-ய மூடிட்டாங்க. ஜெம்ல சின்ன தொகைனா நேரடியா வாங்கலாம், கொஞ்சம் பெருசுனா மூணு கம்பெனி விலைய ஒப்பிடணும், அதுக்கும் மேலனா பிட் (டெண்டர் மாதிரி விலை கேக்குறது) இல்லனா ரிவர்ஸ் ஆக்‌ஷன், அதாவது விக்கிறவங்க போட்டி போட்டு விலைய இறக்கணும். யார் என்ன ரேட் போட்டாங்கன்னு பதிவு இருக்கு, சின்ன கடைக்காரரும் உள்ள வரலாம். பணம் மிச்சமாகுறதுல ஜெம்தான்னு நான் சொல்வேன்.

ஆனா ஒண்ணு, ஸ்பெசிஃபிகேஷன (சாமான் எப்படி இருக்கணும்ங்கிற விவரத்த) ஒழுங்கா எழுதலனா எல்-1 ஆளு, அதாவது இருக்குறதுலயே கம்மி விலை சொன்னவரு, அந்த விலைக்கு மட்டமான நாற்காலிய கொண்டுவந்து இறக்கிடுவாரு, ரெண்டு வருஷத்துல கால் ஆடும், திரும்ப வாங்கணும். அதே ஸ்பெசிஃபிகேஷன ஒரே பிராண்டுக்கு மட்டும் பொருந்துற மாதிரி எழுதினா போட்டியே இருக்காது (இது எந்த முறையிலயும் நடக்குற பழைய வித்தைதான்). சர்வீஸ் முக்கியமான மெஷின்னா, பராமரிப்பு செலவையும் சேத்து கணக்கு போட்டு பிட் விடுங்க.